புள்ளி குத்தும் கை: கையடக்கப் பிரெய்ல் கருவிகளின் வடிவமைப்பு

டிராம்பேயில், சீத்தா கேம்ப்பில், எங்கள் தெருமுனையில் முன்பு ஒரு எஸ்டிடி பூத் இருந்தது. நடத்தியவர் பாளையங்கோட்டைப் பக்கத்து அண்ணாச்சி. பார்வை கிடையாது. மாற்றுத்திறனாளிகளுக்கென ஒதுக்கிய பூத்துகள் மும்பை முழுக்க இருந்த காலம். யார் எவ்வளவு பாக்கி என்பதை, போன வருடத்து மாதக் காலண்டரின் தாளை ஒரு தகட்டுக்குள் செருகி, டொக் டொக்கென்று குத்தி வைப்பார். பள்ளிக்கூடத்துப் பையனாக நான் போய் நின்று, ஏன் அண்ணாச்சி தாளில் ஓட்டை போடுகிறீர்கள் என்று கேட்டேன். "ஓட்ட போடலடே தம்பி, எழுதுதேன்" என்றார்.

அவர் கையிலிருந்த குத்தூசி கடையில் வாங்கியது இல்லை. வாங்கியதன் பிளாஸ்டிக் பிடி உடைந்துவிட்டதால் ஒரு பம்பரத்தைத் தேடிப்பிடித்து, அதன் ஆணியை அரத்தில் தேய்த்து மழுக்கி வைத்துக்கொண்டிருந்தார். பம்பரத்தின் தலை உள்ளங்கைக் குழியில் கச்சிதமாக உட்கார்ந்திருக்கும், ஆட்காட்டி விரல் மேலே படிந்திருக்கும். பிரெய்ல் குத்தூசிகளின் படங்களைப் பல வருடம் கழித்துப் பார்த்தபோதுதான் தெரிந்தது, உலகம் முழுக்கத் தயாரிப்பாளர்கள் சுற்றிச் சுற்றி வந்து சேர்ந்த வடிவமும் ஏறக்குறைய அதுதான் என்று.

இருநூறு வருடத்தில் தட்டச்சு இயந்திரம் வந்தது, போனது, கணினி வந்தது, கைப்பேசி வந்தது. பிரெய்லைக் கையால் எழுதும் கருவி மட்டும் கிட்டத்தட்ட அப்படியே இருக்கிறது. வடிவமைப்புக் கல்லூரிகளில் வருடந்தோறும் யாராவது ஒரு மாணவர் இதைச் "சரிசெய்ய" முயல்கிறார், பரிசும் வாங்குகிறார். பரிசு வாங்கிய கருவி மாணவர்களின் பைக்குள் வந்து சேர்வது அரிது. இது ஏன் என்பதுதான் இந்தக் கட்டுரையின் கேள்வி. என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: பார்வையுள்ளவர்களுக்குக் கோளாறாகத் தெரிவது ஒன்று, எழுதுகிறவர்களுக்குத் தொல்லையாக இருப்பது வேறொன்று.

கருவியை முதலில் பார்த்துவிடலாம். ஸ்லேட் என்று சொல்லப்படுவது கீலில் இணைந்த இரண்டு தகடுகள். மேல் தகட்டில் வரிசையாகச் சிறு சன்னல்கள். கீழ்த் தகட்டில், ஒவ்வொரு சன்னலுக்கும் நேர் கீழே ஆறு குழிகள். நடுவில் தாள். குத்தூசியின் முனையைச் சன்னலின் ஒரு மூலையில் வைத்து அழுத்தினால் தாள் குழிக்குள் இறங்கி, மறுபக்கம் புடைத்துக்கொள்ளும். அந்தப் புடைப்புதான் புள்ளி. தாள் கிழியக் கூடாது, நீள வேண்டும், அவ்வளவுதான். ஒரு சன்னலில் அடங்கும் ஆறு புள்ளி இடங்கள் சேர்ந்தது ஒரு கட்டம். ஒரு கட்டத்துக்குள் புள்ளிக்குப் புள்ளி இடைவெளி சுமார் 2.5 மில்லிமீட்டர். கட்டத்துக்குக் கட்டம் சுமார் 6. வரிக்கு வரி சுமார் 10. புள்ளியின் உயரம் அரை மில்லிமீட்டர் அளவு. விரல் நுனி ஒரே தொடுகையில் ஒரு கட்டத்தை முழுசாக வாங்கிக்கொள்ள வேண்டும் என்பதிலிருந்து பிறந்த அளவுகள் இவை. அதனால் ஸ்லேட்டைச் சட்டைப்பையில் அடங்கும்படி செய்ய வேண்டுமென்றால் வரிகளைக் குறைக்கலாம், கட்டங்களைக் குறைக்கலாம். எழுத்தைக் குறைக்க முடியாது. அச்செழுத்தைப் பொடியாக்கி அரிசியில்கூட எழுதுகிறார்கள். பிரெய்லில் அந்த வித்தை நடக்காது.

சன்னலின் ஓரம் நேர்க்கோடாக இருப்பதில்லை என்பதைத் தொட்டுப் பார்த்தால்தான் உணரலாம். ஒவ்வொரு பக்கத்திலும் மூன்று மூன்று சின்ன வளைவுகள் வெட்டியிருக்கும். குத்தூசி முனை வழுக்கிக்கொண்டு போய் அந்த வளைவில் தானாக நிற்கும். கண் செய்கிற வேலையைத் தகட்டின் ஓரம் செய்கிறது. மேல் சன்னலும் கீழ்க் குழியும் அரை மில்லிமீட்டர் விலகினாலும் புள்ளி சாய்ந்துவிடும், ஓரம் கிழிந்து சொரசொரக்கும். ஆகவே மலிவு ஸ்லேட்டின் உயிர் அதன் கீலில் இருக்கிறது. கீல் ஆடத் தொடங்கிவிட்டால் எழுத்து கொச்சையாகிவிடும்.

இந்த அமைப்பின் வேர் பிரெஞ்சுப் படையதிகாரி சார்ல்ஸ் பார்பியேவிடம் போகிறது. 1820-களின் தொடக்கத்தில் அவர் பாரிஸ் பார்வையற்றோர் பள்ளிக்குக் கொண்டுவந்த புள்ளி எழுத்தில் ஒரு கட்டத்துக்கு 12 புள்ளிகள். ஒலிகளைக் குறிக்கும் முறை. எழுத, பள்ளம் கீறிய பலகை ஒன்று, அதன் மேல் நகரும் சட்டம் ஒன்று, ஓர் ஊசி. அங்கே மாணவனாக இருந்த லூயி பிரெய்ல் 1824 வாக்கில், தன் பதினைந்தாவது வயதில், 12-ஐ 6 ஆக்கினார். 1829-இல் முறையை வெளியிட்டார். 12 புள்ளிகளை விரல் நுனி ஒரே தொடுகையில் உணர முடியாது, மேலும் கீழும் தடவ வேண்டியிருக்கும் என்று அவருக்குத் தெரிந்திருந்தது, ஏனென்றால் தடவியது அவர் விரல். எழுத்தைத் திருத்திய அளவுக்குக் கருவியை அவர் திருத்தவில்லை. பலகை, சட்டம், ஊசி என்ற மூன்றும் பார்பியேவிடமிருந்து அப்படியே வந்தவை. பள்ளம் குழியானதும், பலகை கீல் வைத்த தகடானதும் பிந்திய மாற்றங்கள்.

பார்வையுள்ளவர்கள் முதலில் கவனிக்கிற "கோளாறு" திசை. புடைப்பு மறுபக்கம் வருவதால் எழுதும்போது வலமிருந்து இடமாக எழுத வேண்டும்; தாளைத் திருப்பினால் இடமிருந்து வலமாகப் படிக்கலாம். ஒவ்வொரு எழுத்தையும் கண்ணாடியில் தெரிவதுபோலப் போட வேண்டும். தமிழில் இது எங்கே இடிக்கும் என்று பார்த்தேன். படிக்கிற பக்கத்தில் கட்டத்தின் இடப்பக்கம் மேலிருந்து கீழாக 1, 2, 3, வலப்பக்கம் 4, 5, 6 என்று புள்ளிகளுக்கு எண். தமிழ்ப் பிரெய்லில் இ என்பது 2, 4 ஆகிய புள்ளிகள். அதைக் கண்ணாடியில் காட்டினால் 1, 5. அது ஏ. ஈ என்பது 3, 5. திருப்பிப் போட்டால் 2, 6. அது எ. புதிதாகக் கற்கிற பிள்ளை பக்கம் மாற்றிக் குத்தினால் இகரம் ஏகாரமாகும், ஈகாரம் எகரமாகும். ஆசிரியர் அடிக்கப் போகிற இடம் அதுதான் என்று நினைத்துக்கொண்டு அண்ணாச்சியிடம் கேட்டேன். அவருக்குக் கேள்வியே விளங்கவில்லை. "எழுதப் போற பக்கம் மொதப் பக்கம், அடுத்தது ரெண்டாம் பக்கம். இதுல என்ன திருப்பு?" என்றார். வலம், இடம் என்ற பெயர்கள் அவர் மனதில் இல்லை. கை நகரும் திசையில் முதலில் வருவது, அடுத்து வருவது, அவ்வளவே. நல்ல ஆசிரியர்கள் அப்படித்தான் சொல்லிக்கொடுக்கிறார்கள். எழுதுகிற கைக்கு ஒரு பழக்கம், படிக்கிற விரலுக்கு வேறொரு பழக்கம். இரண்டும் ஒன்றையொன்று குழப்புவதில்லை. நடுவயதில் பார்வை இழந்து, அச்செழுத்துப் பழகிய மூளையோடு பிரெய்லுக்கு வருகிறவர்களுக்கு மட்டும் இது உண்மையான சிரமம். அவர்களையும் குழந்தைகளையும் ஒன்றாகப் போட்டுப் பேசுவதில்தான் பல வடிவமைப்புகள் வழி தவறுகின்றன.

அண்ணாச்சியின் குறை வேறு. "எழுதுனத உடனே தொட்டுப் பாக்க முடியலயே." எழுதுவது கீழ்ப்பக்கம் புடைக்கிறது. படிக்க வேண்டுமென்றால் ஸ்லேட்டைத் திறந்து, தாளைக் கழற்றி, திருப்பி, தடவ வேண்டும். மறுபடி தொடர, பழைய இடத்தில் தாளைப் பொருத்த வேண்டும். அதற்காகத்தான் ஸ்லேட்டின் மூலைகளில் சிறு முட்கள் இருக்கின்றன. அவை முன்பு குத்திய துளையில் திரும்பப் போய் உட்கார்ந்தால் வரி தப்பாது. எழுதிக்கொண்டிருக்கும்போதே தொலைபேசி மணி அடித்தால், எந்தச் சொல்லில் விட்டோம் என்பது மறந்துவிடும். மேசையில் எழுதுகிற நாம் நிமிர்ந்து பார்த்துவிட்டுக் குனிந்தால் பேனா நின்ற இடம் தெரியும். அவருக்கு இடது ஆட்காட்டி விரல்தான் இடங்காட்டி. அடுத்த சன்னலில் அந்த விரல் காத்துக்கொண்டிருக்கும், குத்தூசி அதைத் தேடி வரும். விரலை எடுத்தால் இடம் போயிற்று.

தவறு செய்தால்? பிழையான கட்டத்தில் ஆறு புள்ளிகளையும் குத்திவிட்டு மேலே போவது ஒரு வழக்கம். நாம் அடித்துவிட்டு எழுதுவதுபோல. இல்லாவிட்டால் தாளைத் திருப்பி, மழுங்கிய மரமுனையால் புடைப்பை அமுக்கித் தட்டையாக்கலாம். ஆனால் தாள் ஒருமுறை நீண்டுவிட்டது. அந்த இடத்தில் இரண்டாவது புள்ளி திடமாக நிற்காது.

தமிழுக்கே உரிய ஒரு சங்கதியும் உண்டு. ஓலைச்சுவடியில் மெய்யெழுத்துக்குப் புள்ளி வைப்பதைப் பெரும்பாலும் விட்டுவிட்டார்கள். எழுத்தாணியால் புள்ளி குத்தினால் ஓலை துளைபடும் என்பது காரணமாகச் சொல்லப்படுகிறது. மெய் புள்ளி பெறும் என்று தொல்காப்பியமே விதித்திருந்தும், கருவியும் ஓலையும் இலக்கணத்தை வளைத்துவிட்டன. பிரெய்லுக்கு வந்தபோது நிலைமை தலைகீழ். எல்லாமே புள்ளி, ஆகவே மெய்யின் புள்ளிக்குத் தனியாக ஒரு கட்டம் வேண்டியிருக்கிறது. அந்தக் கட்டமும் எழுத்துக்கு முன்னால் வருகிறது. படிக்கிற விரல் முதலில் புள்ளிக் குறியைத் தொட்டு, அடுத்து வருவது மெய் என்று தெரிந்துகொள்ளும். "அம்மா" என்று எழுத ஐந்து கட்டங்கள்: அ, புள்ளிக்குறி, ம, மறுபடி ம, ஆ. குத்தும் எண்ணிக்கையைக் கூட்டினால் 11. "தமிழ்" என்பதற்கும் ஐந்து கட்டங்கள். அச்சில் மூன்றே எழுத்து. ஆங்கிலப் பிரெய்லில் அடிக்கடி வரும் சொற்களுக்கும் எழுத்துக்கூட்டங்களுக்கும் விரிவான சுருக்கக் குறிகள் பழக்கத்தில் இருப்பதால் கைக்கு ஓய்வு உண்டு. தமிழ் எழுதுகிறவர் பெரும்பாலும் முழுசாகவே குத்துகிறார். ஆகவே மணிக்கட்டு வலியைப் பற்றி யோசிக்கிற எந்த வடிவமைப்பாளரும் ஆங்கிலக் கையை அளவாக வைத்துக்கொண்டு தமிழ்க் கைக்குக் கருவி செய்யக் கூடாது.

இங்கே குத்தூசிக்குத் திரும்பலாம். பேனா பிடிப்பதுபோல இதைப் பிடித்தால் பத்து வரியில் விரல் நொந்துவிடும். பேனா சறுக்கும் கருவி, இது அழுத்தும் கருவி. அழுத்தம் உள்ளங்கையிலிருந்து வர வேண்டும், விரல் நுனி திசையை மட்டும் காட்ட வேண்டும். பேரிக்காய், காளான், பம்பரம் என்று பிடியின் வடிவங்கள் எல்லாம் உள்ளங்கையை நிரப்பப் பிறந்தவை. சிலவற்றில் ஆட்காட்டி விரல் படிய மேலே ஒரு பள்ளம் இருக்கும். சிலவற்றில் ஒரு பக்கத்தைத் தட்டையாகச் சீவியிருப்பார்கள். அழகுக்காக இல்லை, மேசையிலிருந்து உருண்டு விழாமலிருக்க. விழுந்த குத்தூசியைத் தரையில் தடவித் தேடுவது எவ்வளவு பெரிய வேலை என்று தெரிந்த ஒருவர்தான் அந்தத் தட்டைப் பக்கத்தைக் கண்டுபிடித்திருக்க வேண்டும். முனை கூராக இருந்தால் தாள் கிழியும், மொண்ணையாக இருந்தால் புள்ளி தட்டையாகும். வட்டமான முனை வேண்டும். உபயோகத்தில் அது தேயும், தேய்வது கண்ணுக்குத் தெரியாது, படிக்கிற விரலுக்கு உடனே தெரியும். முனையை மட்டும் மாற்றிக்கொள்ளும்படி ஒரு பிடி செய்தால் என்ன என்று எனக்கு அடிக்கடி தோன்றும். ரீஃபில் போடுகிற நாட்டில் இது பெரிய யோசனை ஒன்றும் இல்லை.

அடுத்தது தாள். இதைக் கருவியின் பாகமாகவே எண்ண வேண்டும் என்பேன். பிரெய்லுக்குத் தடித்த தாள் தேவை, சாதாரணமாக ஒரு சதுர மீட்டருக்கு 120 முதல் 160 கிராம் எடை. விலை அதிகம். எனவேதான் மும்பையிலும் சென்னையிலும் ஒவ்வொரு சனவரியிலும், பழைய மேசைக் காலண்டர்களையும் மாதக் காலண்டர்களையும் தூக்கிப் போடாதீர்கள், பார்வையற்ற பிள்ளைகளுக்குக் கொடுங்கள் என்று வேண்டுகோள்கள் சுற்றி வருகின்றன. நம்மூர்த் தினசரிக் காலண்டரின் தாள் இதற்கு உதவாது, நல்ல நேரமும் எமகண்டமும் பார்ப்பதோடு சரி. வழவழப்பான மாதத் தாள்தான் புள்ளியைத் தாங்கும்.

டிராம்பேயின் மழைக்காலம் இதற்கு எதிரி. மூன்று பக்கமும் கழி நீர் சூழ்ந்த இடம். ஜூன் முதல் செப்டம்பர் வரை தாள் அப்பளம்போல நமுத்துக் கிடக்கும். ஈரத் தாளில் குத்தும்போது அந்த டொக் சத்தம் வராது, மெத்தென்று இறங்கும். அந்தச் சத்தம்தான் புள்ளி விழுந்ததற்குச் சாட்சி. பார்க்கவும் முடியாது, உடனே தொடவும் முடியாது என்ற நிலையில் மிஞ்சியிருந்த ஒரே தகவலும் மழையில் போய்விடுகிறது. மேலும், ஈரத்தில் எழுந்த புள்ளி நாலு தடவை தடவினாலே அமுங்கிவிடும். அண்ணாச்சி தாள்கட்டை அரிசி டின்னுக்குள் வைத்திருந்தார். சமையலறை வாசம் அடிக்கும் கணக்குப் புத்தகம்.

ஸ்லேட்டின் குறைகளுக்கு இயந்திரம் விடை சொல்லிவிட்டது என்று வரலாறு எழுதுகிறவர்கள் உண்டு. ஒரு வகையில் உண்மைதான். 1892-இல் அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்தில் ஜாக்சன்வில் பள்ளியின் கண்காணிப்பாளர் ஃபிராங்க் ஹால், ஆறு புள்ளிக்கு ஆறு விசை வைத்த இயந்திரத்தைக் காட்டினார். காப்புரிமை எடுக்காமல் விட்டார். இங்கிலாந்தில் ஸ்டெய்ன்ஸ்பி-வெய்ன் இயந்திரம், ஜெர்மனியில் பிக்ட் இயந்திரம் என்று தொடர்ந்தன. 1951-இல் மாசசூசெட்ஸின் பெர்கின்ஸ் பள்ளியிலிருந்து டேவிட் ஆபிரகாம் வடிவமைத்த பெர்கின்ஸ் பிரெய்லர் வெளிவந்தபின் மற்றவை பின்தங்கின. புள்ளி மேல்நோக்கி எழும், எழுதிய கையாலேயே உடனே படிக்கலாம், ஆறு விசைகளையும் சேர்த்து அழுத்தலாம். "அம்மா"வுக்கு 11 குத்துப் போய் 5 அழுத்து. இந்த இயந்திரத்தின் தமிழ்நாட்டு முகவரி காட்பாடி. தொழுநோயிலிருந்து மீண்டவர்களுக்காக 1963-இல் சுவீடன் செஞ்சிலுவைச் சங்கத்தின் உதவியோடு தொடங்கிய தொழிற்கூடம் பிற்பாடு வொர்த் டிரஸ்ட் ஆகி, பெர்கின்ஸ் பிரெய்லரைத் தயாரிக்கிறது. அங்கே வேலை செய்கிறவர்களில் மாற்றுத்திறனாளிகள் பலர்.

ஆனால் அதன் எடை ஏறத்தாழ 4.8 கிலோ. மான்குர்டிலிருந்து ஹார்பர் ரயிலில், அது மாற்றுத்திறனாளிகள் பெட்டியாகவே இருந்தாலும், காலை எட்டரை மணிக்கு ஒரு கையில் வெள்ளைக் கோலும் மறு கையில் ஐந்து கிலோ இரும்பும் பிடித்து ஏறச் சொல்லுங்கள் பார்ப்போம். வகுப்பில் அதன் சத்தம் வேறு. வரி முடியும் நேரத்தில் மணியும் அடிக்கும். பெர்கின்ஸ் மேசைக் கருவி. அதனால்தான் வீட்டில் பெர்கின்ஸ் இருப்பவரும் பைக்குள் ஸ்லேட் வைத்திருக்கிறார். பென்சில் ஒழிந்தால்தான் ஸ்லேட் ஒழியும் என்று சொல்லலாம்.

இந்தியாவில் ஸ்லேட் எப்படிப் பரவியது என்பது எழுத்துச் சண்டையோடு சேர்ந்த கதை. பார்வையற்றோர் பள்ளிகளில் 1887-இல் அமிர்தசரஸில் ஆனி ஷார்ப் தொடங்கியது முதலாவது. 1890-இல் பாளையங்கோட்டையில் ஆஸ்க்வித் அம்மையார் தமிழ்ப் பிள்ளைகளுக்குக் கற்பிக்கத் தொடங்கினார். மும்பையில் 1900-இல் அமெரிக்க மிஷன் பள்ளி, 1902-இல் தார்தேவில் விக்டோரியா நினைவுப் பள்ளி. ஒவ்வோர் இடத்திலும் ஒவ்வொரு புள்ளி முறை. ஒரு ஊர்ப் புத்தகம் அடுத்த ஊர் விரலுக்குப் புரியாது. கருவி மட்டும் எல்லோருக்கும் பொது, ஏனென்றால் ஆறு குழி எந்த மொழியையும் கேட்பதில்லை. 1949-இல் இந்திய அரசு யுனெஸ்கோவை நாடியது. 1951-இல் பாரதி பிரெய்ல் என்ற பொது முறை உறுதியானது. (நம்மூர்ப் பாரதியை நினைத்துவிட வேண்டாம், பாரதநாட்டுக்கு உரியது என்ற பொருள்.) ஓர் ஒலிக்கு எல்லா இந்திய மொழியிலும் ஒரே குறி. டிராம்பேயில் இதன் அருமை தெரியும். இங்கே தமிழ், மராத்தி, உருது, இந்தி எல்லாம் ஒரே சந்தில் புழங்குகின்றன. தமிழ் "ம"வைத் தடவத் தெரிந்த விரலுக்கு மராத்தி "ம"வும் அதே மூன்று புள்ளிதான். அச்செழுத்தில் நமக்கு இந்த வசதி இல்லை.

அதே 1951-இல் டேராடூனில் மத்திய பிரெய்ல் அச்சகமும், அடுத்த சில ஆண்டுகளில் பிரெய்ல் கருவிகள் செய்யும் பட்டறையும் வந்தன. அதுவரை ஸ்லேட் கப்பலில் வந்த சரக்கு. 1952-இல் மும்பையில் தேசியப் பார்வையற்றோர் சங்கம் உருவானது. கிரிக்கெட் ஆட்டக்காரர் விஜய் மெர்ச்சண்ட் பின்னாளில் அதன் தலைவராக இருந்தார். வோர்லி கடற்கரையில் இருக்கும் அந்த அலுவலகத்திலிருந்தும் டேராடூன் பட்டறையிலிருந்தும்தான் மும்பைப் பிள்ளைகளின் கைக்கு ஸ்லேட் போய்ச் சேர்ந்தது. 1981 முதல் மத்திய அரசின் உதவிக்கருவித் திட்டமும் சேர்ந்துகொண்டது. இலவசமாகக் கிடைப்பது நல்லதே. ஆனால் இலவசப் பொருளில் வாங்குகிறவர் ஓர் அலுவலகம், எழுதுகிறவர் வேறோர் ஆள். கீல் ஆடுகிறது என்ற புகார் கொள்முதல் செய்கிறவர் காதுக்கு வந்து சேரும் பாதை நீளம். கடையில் நாலு பேனாவை எழுதிப் பார்த்து ஒன்றைப் பொறுக்குகிற உரிமை நமக்குண்டு. நாலு குத்தூசியைக் குத்திப் பார்த்து வாங்குகிற கடையை நான் மும்பையில் பார்த்ததில்லை.

இனி மேல்நோக்கி எழுதும் ஸ்லேட். திசைச் சிக்கலையும், உடனே படிக்க முடியாத சிக்கலையும் ஒரே அடியில் தீர்ப்பதாகச் சொல்லும் வடிவம் இது. கீழ்த் தகட்டில் குழிக்குப் பதில் சிறு முளைகள். குத்தூசியின் நுனி கூராக இல்லாமல் குழிவாக, சின்னக் கிண்ணம்போல இருக்கும். முளைக்கு மேல் கிண்ணத்தைக் கவிழ்த்து அழுத்தினால் தாள் மேல்நோக்கிப் புடைக்கும். இடமிருந்து வலமாக, படிக்கிற மாதிரியே எழுதலாம். கேட்க அருமை. செய்யும்போது சங்கடங்கள் ஒவ்வொன்றாகத் தலைகாட்டும். குழிக்குள் கூர்முனை கொஞ்சம் தவறி இறங்கினாலும் குழி அதை நடுவுக்கு இழுத்துக்கொள்ளும். முளையின் மேல் கிண்ணம் தவறினால் பக்கவாட்டில் சறுக்கி, தாளை அறுக்கும். முளைகள் தாளைத் தாங்கிப் பிடிப்பதால் தாளைச் செருகுவதும் நகர்த்துவதும் சிரமம். குத்தாத முளையும் தாளில் இலேசாகத் தடம் பதிக்கலாம். படிக்கிற விரலுக்கு அது பேய்ப் புள்ளி. கிண்ணத்தின் விளிம்பு தேய்ந்தாலும் முளை தேய்ந்தாலும் புள்ளி கெடும், அதாவது தேயும் இடம் இரண்டாகிவிட்டது. அதன்பிறகும், எழுதிய வரியை உடனே படிக்கலாமா என்றால், சன்னல் தகடு மேலே மூடிக்கொண்டிருக்கிறதே. அந்தக் குறுகிய சன்னலுக்குள் விரல் நுனி முழுசாக இறங்காது. தகட்டைத் தூக்கத்தான் வேண்டும். பாதிச் சிக்கலைத் தீர்க்க முழு விலை கேட்கிற கருவி என்பது என் தீர்ப்பு. நடுவயதில் கற்கத் தொடங்குகிறவர்களுக்கு இது கைகொடுக்கும், அதை மறுக்கவில்லை.

சக்கரத்தைத் திருப்பி நாடாவில் பிரெய்ல் பதிக்கும் லேபிள் துப்பாக்கிகளும் உண்டு. மசாலா டப்பாவுக்கும் மின் சுவிட்சுக்கும் நல்லவை. எழுதும் கருவி என்று அவற்றை நான் கணக்கில் சேர்க்கவில்லை.

மின்னணுக் கருவிகளில் கவனிக்க வேண்டியவை இரண்டு. மும்பையைச் சேர்ந்த இன்னோவிஷன் நிறுவனம் செய்த பிரெய்ல்மீ ஒன்று. இருபது கட்டங்கள் கொண்ட, முளைகள் எழுந்து அடங்கும் வரி ஒன்றும், ஆறு புள்ளி விசைகளும் உள்ள கருவி. இவ்வகை வெளிநாட்டுக் கருவிகள் அதைப்போலப் பல மடங்கு விலையில் விற்றபோது, காந்த விசையால் முளையை எழுப்பும் வழியைப் பிடித்து, ஏறத்தாழ 500 டாலர் அளவுக்குக் கொண்டுவந்தார்கள். எழுதியது அந்தக் கணமே விரலுக்குக் கீழே எழுகிறது. மழைக்காலத்தில் நமுக்காது. மற்றது பெங்களூரு திங்கர்பெல் நிறுவனத்தின் ஆனி. இது கற்பிக்கும் கருவி. இதில் என்னை நிறுத்தி யோசிக்கவைத்தது, விசைப்பலகையோடு கூட ஒரு மின்னணு ஸ்லேட்டையும் வைத்திருப்பதுதான். பிள்ளை குத்தூசியால் குத்தினால் என்ன எழுத்து என்று கருவி வாய்விட்டுச் சொல்லிவிடும். திசையை அவர்கள் மாற்றவில்லை. விடை வரும் நேரத்தை மாற்றினார்கள். அண்ணாச்சி கேட்டதும் அதைத்தான்.

கைப்பேசியும் இந்தக் குடும்பத்தில் சேர்ந்துவிட்டது. ஐபோனில் 2014-லும் ஆண்ட்ராய்டின் டாக்பேக்கில் 2020-லும் பிரெய்ல் உள்ளீடு வந்தது. திரையை வெளிப்பக்கம் பார்க்கத் திருப்பிப் பிடித்து, இரண்டு கையிலும் மும்மூன்று விரலால் கண்ணாடியைத் தட்டுகிறார்கள். ரயிலில் எதிரே நிற்பவருக்கு, போனைத் தலைகீழாகப் பிடித்துத் தாளம் போடுவதாகத் தோன்றும். வேகம் அபாரம். ஆனால் எழுதுவது மட்டும்தான் பிரெய்ல். திரும்ப வருவது குரல். விரலுக்கு எதுவும் மிஞ்சுவதில்லை. எழுத்துக்கூட்டு மறந்துபோவதற்கு இது போதும். ன, ண இரண்டையும் குரல் எவ்வளவு கவனமாகச் சொன்னாலும், புள்ளியில் தொட்டு வைத்தவருக்கு இருக்கிற நிச்சயம் கேட்டு வைத்தவருக்கு வராது. நம்மில் எத்தனை பேர் ரகர றகரத்தைக் காதால் பிரிக்கிறோம்?

கருவியை மட்டும் பேசி முடித்தால் பாதிப் பேச்சுதான் ஆகும். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் பார்வைக் குறைபாடு உள்ளவர்கள் 50 லட்சத்துக்கும் மேல். அவர்களில் பள்ளியில் ஸ்லேட் பழகிய பிள்ளைகூட, பொதுத்தேர்வு வந்ததும் அதைப் பைக்குள் வைத்துவிட்டு, சொல்வதை எழுத ஓர் ஆளைத் தேடுகிறது. விடைத்தாளைத் திருத்துகிறவருக்குப் பிரெய்ல் தெரியாது என்பதே காரணம். பத்து வருடம் ஒரு கருவியில் கையைப் பழக்கி, முக்கியமான நாளில் அதை எடுக்க முடியாது. வங்கிப் படிவத்திலும் அப்படித்தான். படிக்க ஆளில்லாத எழுத்தை எழுதும் கருவிக்குச் சந்தை எங்கிருந்து வரும்? சந்தை இல்லாவிட்டால் புது முனையும் உறுதியான கீலும் எங்கிருந்து வரும்? போட்டிகளில் பரிசு வாங்கிய ஸ்லேட்டுகள் கடைக்கு வராததற்கு அவற்றின் வடிவத்தை மட்டும் குறை சொல்ல முடியாது.

பூத்தை மூடி வெகுகாலம் ஆகிறது. போன மழைக்கு முன்னால் அண்ணாச்சி வீட்டுக்குப் போனபோது அரிசி டின் இன்னும் இருந்தது. திறந்து, காலண்டர் தாள்களை ஒவ்வொன்றாகத் தடவி, இன்னார் நாப்பத்தெட்டு ரூபாய், இன்னார் நூத்திப் பன்னெண்டு என்று பழைய பாக்கிகளைப் படித்துக்கொண்டே போனார். ஒரு தாளில் விரல் நின்றது. புள்ளிகள் அமுங்கிப்போயிருந்தன. தாளைத் தூக்கிச் சாய்த்துப் பிடித்து, நகத்தால் கோதிப் பார்த்தார். பிறகு பம்பரத்தை எடுத்து, அதே இடத்தில் தாளைச் செருகி, நினைவிலிருந்த தொகையை மறுபடி குத்தத் தொடங்கினார்.

"யாரு அண்ணாச்சி அது?" என்றேன்.

"ஒங்கப்பாதான்."